மெமரி பொது, பாடு யாருக்கு?

கேள்வி: ஐயா, எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக ஓர் உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் ப்ரோக்ராம் எழுதியிருக்கிறேன். சி மொழி, ஓபன்எம்பி (ஒரே வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி). துறையில் இரண்டு சாக்கெட் (ப்ராசசர் சிப் உட்காரும் இடம்), மொத்தம் 64 கோர் உள்ள சர்வர் இருக்கிறது. 8 த்ரெட்டில், அதாவது வேலையை ஒரே நேரத்தில் ஓடும் 8 கிளைகளாகப் பிரித்தால், நன்றாக வேகம் பிடிக்கிறது. 16-க்கு மேல் அப்படியே நிற்கிறது. 64 போட்டால் சில சமயம் 16-ஐ விட மெதுவாக ஓடுகிறது. "ஷேர்டு மெமரிதானே, எல்லாக் கோருக்கும் பொதுதானே, மெமரியைப் பற்றி உனக்கு என்ன கவலை, லூப்பைப் பார்" என்கிறார் சீனியர். லூப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ப்ரோக்ராமை இணைத்திருக்கிறேன்.
(மாணவி, காரைக்குடி)

பதில்: லூப் நன்றாகவே இருக்கிறது அம்மா. அதற்கு முன்னால் உள்ள வரிகளைப் பாருங்கள். 20,000-க்கு 20,000 கட்டம், ஒவ்வொன்றும் 8 பைட். ஓர் அணிக்கு (அர்ரேக்கு) 3.2 ஜிபி ஆகிறது. இப்படி இரண்டு அணிகளுக்கு, சியில் மெமரி கேட்கும் மாலாக்கைக் கூப்பிடுகிறீர்கள். அடுத்து ஒரு சாதாரண லூப் போட்டுப் பூஜ்யம் நிரப்புகிறீர்கள். அந்த லூப்பின் தலையில் ஓபன்எம்பி வரி இல்லை. ஒரே த்ரெட்தான் அதை ஓட்டுகிறது. 'சும்மா பூஜ்யம் போடுவதுதானே, அதற்கு எதற்கு 64 கோர்' என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் வேகம் போனது அங்கேதான்.

மாலாக் உங்களுக்கு இடம் கொடுப்பதில்லை, முகவரி மட்டும்தான் கொடுக்கிறது. உண்மையான ராமில் எந்த இடம் என்பதை லினக்ஸ் அப்போது முடிவு செய்வதில்லை. ஒரு பேஜில், அதாவது 4 கேபி துண்டில், யார் முதலில் எழுதுகிறாரோ அவர் ஓடிக்கொண்டிருக்கும் சாக்கெட்டின் ராமில் அந்தப் பேஜை வைத்துவிடும். இதை 'ஃபர்ஸ்ட் டச்' என்பார்கள். உங்கள் விஷயத்தில் முதலில் தொட்டது ஒரே த்ரெட். ஆகவே ஓர் அணியின் 7 லட்சத்து 81 ஆயிரம் பேஜும், அடுத்த அணியின் பேஜ்களும் சேர்ந்து ஒரே சாக்கெட்டின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டன.

நம் ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவு, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி, எல்லாப் புள்ளிக்கும், அதாவது கல்யாணமான மகன் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும், பொது. ஆனாலும் கல்யாணமான மகனை வேறு வைத்து, ஆளுக்கு ஓர் அறை, தனி அடுப்பு, தனிச் சாமான் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எட்டுப் புள்ளியின் அரிசி மூட்டையையும் மூத்தவர் அறையிலேயே இறக்கிவைத்தால் என்ன ஆகும்? யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. காலை சமையல் நேரத்தில் அந்த ஓர் அறை வாசலில் எட்டு வீட்டுக் கூட்டமும் நிற்கும், அவ்வளவுதான். உங்கள் சர்வரில் ஒரு சாக்கெட்டின் மெமரி வழிகளில் 64 கோரும் முண்டுகின்றன. அடுத்த சாக்கெட்டின் ராம் சும்மா கிடக்கிறது. போதாக்குறைக்கு, அந்தப் பக்கத்துக் கோர்கள் இரண்டு சிப்புக்கும் நடுவிலுள்ள இணைப்பைத் தாண்டி வரவேண்டும். சொந்த ராமுக்கு 100 நானோசெகண்ட் என்றால் இப்படித் தாண்டிப் போக ஒன்றரை மடங்கு ஆகலாம், சில மெஷின்களில் அதற்கு மேலும் ஆகும்.

மருந்து எளிதுதான். பூஜ்யம் நிரப்பும் லூப்புக்கும் ஓபன்எம்பி வரியைப் போடுங்கள். கணக்கு லூப்பில் எந்த ஷெட்யூல் (வேலையை த்ரெட்களுக்குப் பிரிக்கும் முறை) இருக்கிறதோ அதையே இங்கும் போடவேண்டும், அது ஸ்டாட்டிக்காக, யாருக்கு எது என்று முன்பே பிரிப்பதாக, இருக்கவேண்டும். எந்த த்ரெட் எந்த வரிசைகளைப் பிறகு கணக்கிடப் போகிறதோ அதே த்ரெட் அவற்றை முதலில் தொடவேண்டும் என்பதற்காகத்தான் இது. கணக்கு லூப்பில், காலியான த்ரெட்டுக்கு அடுத்த வேலை என்று கொடுக்கும் டைனமிக் ஷெட்யூல் வைத்தால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். அடுத்து, ஓபன்எம்பியின் ப்ராக் பைண்ட், பிளேசஸ் என்ற இரண்டு சூழல் மாறிகளையும் (ப்ரோக்ராமை ஓட்டுமுன் வெளியிலிருந்து வைக்கும் அமைப்புகள்) வைத்து த்ரெட்களைக் கோரோடு கட்டிப்போடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸ் அவற்றை இஷ்டத்துக்கு இங்கும் அங்கும் நகர்த்தும். பேஜ் ஒரு பக்கமும் த்ரெட் இன்னொரு பக்கமுமாக மறுபடி பழைய கதைதான். முடித்ததும் நூமாஸ்டாட் கட்டளையில் உங்கள் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு நோடிலும் (நோடு என்பது இங்கே ஒரு சாக்கெட்டும் அதன் ராமும்) ஏறக்குறைய சரிபாதி தெரியவேண்டும்.

ப்ரோக்ராமைத் தொடவே முடியாத நிலை என்றால் நூமாசிடிஎல் கட்டளையில் 'இன்டர்லீவ்' என்று கொடுத்து ஓட்டலாம். பேஜ்களை மாற்றி மாற்றி இரண்டு சாக்கெட்டிலும் போடும். பாதி அணுகல் தொலைவுக்குப் போனாலும் ஒரே இடத்தில் கூட்டம் சேராது. பிறர் எழுதிய ப்ரோக்ராமை ஓட்டும்போது நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இதையெல்லாம் செய்தாலும் 64 மடங்கு வராது. உங்கள் கணக்கு நாலு பக்கத்துக் கட்டங்களைக் கூட்டி வகுப்பது. கோருக்கு வேலை குறைவு, ராமிலிருந்து இழுக்கும் சரக்கு அதிகம். சாக்கெட்டின் மெமரி வழி நிரம்பிய பிறகு கோரைக் கூட்டிப் பயனில்லை. இரண்டு சாக்கெட்டின் வழியும் திறந்தால் இப்போது இருப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி, கேஷில் (கோருக்கு அருகிலுள்ள சிறிய வேக மெமரியில்) இருக்கும்போதே ஒரே துண்டில் பல படிகளைக் கணக்கிடவேண்டும். அது வேறு புராஜெக்ட்.

உங்கள் சீனியர் சொன்னதில் பாதி சரி. ஷேர்டு மெமரியில் தரவு எங்கே இருந்தாலும் விடை சரியாக வரும். ஆளுக்குத் தனி மெமரி வைத்துச் செய்தி அனுப்பிப் பேசும் எம்பிஐயில் தரவை நீங்கள் அனுப்பாவிட்டால் விடையே வராது. வேகம் என்று பேச்சு வந்தால் இரண்டிலும் தரவின் இருப்பிடத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். ஷேர்டு மெமரியில் அந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. நூலகங்கள், மொழி எல்லாம் சேர்ந்து அதை இன்னும் ஒளித்துவைக்கின்றன. சி பிளஸ் பிளஸில் அணிக்குப் பதில் வைக்கும் வெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அளவைச் சொல்லி உருவாக்கிய உடனேயே அது தானே பூஜ்யம் நிரப்பிவிடும், அதுவும் ஒரே த்ரெட்டில். நீங்கள் அடுத்த வரியை எழுதுவதற்குள் எல்லாப் பேஜும் ஒரு பக்கம் போயாயிற்று. நல்லவேளை, நீங்கள் சியில் எழுதினீர்கள்.

கேள்வி: லாக் ஃபைல்களில் பிழைச் செய்திகளை எண்ணும் ஒரு டூல் எழுதினேன். 16 த்ரெட். ஒருவர் எழுதும்போது மற்றவரை நிறுத்தும் பூட்டு வேண்டாமே என்று ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அணியில் தனித்தனிக் கவுண்டர் கொடுத்தேன். யாரும் யாருடைய கவுண்டரையும் தொடுவதில்லை. ஆனாலும் ஒரே த்ரெட்டில் ஓட்டுவதைவிட மெதுவாக ஓடுகிறது. எப்படி அண்ணே?
(தேவகோட்டைக்காரன், சென்னையிலிருந்து)

பதில்: நீங்கள் தொடவில்லை தம்பி, ஹார்டுவேர் தொடுகிறது. அதற்கு உங்கள் கவுண்டர் தனியாகத் தெரியாது. 64 பைட் கொண்ட கேஷ் லைன்தான் அதன் கணக்கில் மிகச் சிறிய துண்டு. உங்கள் கவுண்டர் ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் ஒரு லைனில் எட்டு த்ரெட்டின் கவுண்டர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கோர் எழுதவேண்டுமானால் அந்த லைன் முழுவதும் தன் கையில் மட்டும் இருக்கவேண்டும், மற்றவர்களிடம் உள்ள பிரதிகள் செல்லாது என்று ஆகவேண்டும். 1984-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மெசி என்ற ஒழுங்குமுறை இப்படித்தான் வேலை செய்கிறது. இன்றைய சிப்கள் அதன் வாரிசுகளைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே அந்த ஒரு லைன் எட்டுக் கோருக்கும் நடுவில் ஓயாமல் பறந்துகொண்டிருக்கிறது. 'ஃபால்ஸ் ஷேரிங்' என்பது இதுதான். விடை சரியாக வருவதால் எந்தச் சோதனையிலும் இது பிடிபடாது.

கவுண்டரை ஒவ்வொரு த்ரெட்டின் உள்ளூர் மாறியில் வைத்து எண்ணுங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை அணியில் எழுதுங்கள், போதும். ஓபன்எம்பி என்றால் ரிடக்‌ஷன் என்று ஒரு சொல் போட்டால் அதுவே இதைச் செய்துவிடும். இடையிடையே வெளியிலிருந்து எண்ணிக்கையைப் பார்க்கவேண்டியிருந்தால் மட்டும் ஒவ்வொரு கவுண்டரையும் 64 பைட் எல்லையில் தள்ளி வையுங்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்களில் லைன் 128 பைட், அதையும் கவனியுங்கள். இந்த அளவைத் தெரிந்துகொள்ள சி பிளஸ் பிளஸ் 17-இல் ஒரு மாறிலியே கொடுத்திருக்கிறார்கள். 'ஹார்டுவேர் டிஸ்ட்ரக்டிவ் இன்டர்ஃபெரன்ஸ் சைஸ்' என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் டூல் ஓடி முடிந்துவிடும்.

சரி, இதைக் கேட்டதும் கண்ட இடத்திலெல்லாம் 64 பைட்டுக்கு நீட்டத் தொடங்கிவிடாதீர்கள். 16 கவுண்டர் என்றால் மொத்தம் 1 கேபிதான், போகட்டும். பத்து லட்சம் ரெக்கார்டுகளை அப்படி நீட்டினால் கேஷில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான் உட்கார்ந்திருக்கும். எது இடிக்கிறது என்று தெரிந்துகொள்ள லினக்ஸில் பெர்ஃப் சி2சி இருக்கிறது. எந்த லைன், எந்தெந்த வரி நிரல் அதற்கு அடித்துக்கொள்கிறது என்று காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: சின்னதாக ஒரு சோதனை ப்ரோக்ராம் எழுதிப் பார்த்து 'எனக்கு அப்படி ஆகவில்லையே' என்று பலர் எழுதுகிறார்கள். கம்பைலர் கெட்டிக்காரத்தனமாக கவுண்டரைக் கோருக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டரில் வைத்து ஓட்டிவிட்டு, முடிவில் ஒருமுறை எழுதியிருக்கும். அங்கே தெரியாதது பெரிய ப்ரோக்ராமில் தெரியும்.

கேள்வி: பேரன் 16 கோர் கம்ப்யூட்டர் வேண்டும் என்று நிற்கிறான். பதினாறு மடங்கு வேகமா இருக்குமாம். உண்மையா தம்பி?
(ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்)

பதில்: இல்லை ஆச்சி. ஜீன் ஆம்டால் என்பவர் 1967-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே செய்யக்கூடியது என்றால், 16 பேர் வைத்தாலும் வேகம் 6.4 மடங்குதான். எத்தனை ஆயிரம் பேர் வைத்தாலும் பத்து மடங்கைத் தாண்டாது. பேரன் எதற்குக் கேட்கிறான் என்று விசாரியுங்கள். விளையாட்டுக்கு என்றால் எட்டே தாராளம். வீடியோ வெட்டி ஒட்டுகிறான், படம் வரைகிறான் என்றால் வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: எந்தத் தரவு எங்கே இருக்கவேண்டும் என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும்படி செய்ய முடியாதா? ப்ரோக்ராமர் ஏன் இதில் மாரடிக்கவேண்டும்?
(ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பள்ளத்தூர்)

பதில்: செய்து பார்த்திருக்கிறார்கள் ஐயா. நாற்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

கை லீ என்பவர் யேல் பல்கலைக்கழகத்தில் 1986-இல் முடித்த ஆய்வில், தனித்தனி மெமரி உள்ள கணினிகளை வலையில் கட்டி, ப்ரோக்ராமுக்கு மட்டும் ஒரே மெமரியாகத் தெரியும்படி செய்தார். ஐவி என்பது அந்த அமைப்பின் பெயர். தேவைப்படும் பேஜ் தேவைப்படும் இடத்துக்குத் தானே வந்து சேரும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் நகர்வது முழுப் பேஜ். இரண்டு கணினிகள் ஒரே பேஜின் இரண்டு மூலைகளில் எழுதினால் போதும், அந்தப் பேஜ் வலையில் போய்ப் போய் வரும். தேவகோட்டைத் தம்பியின் கதைதான், 64 பைட்டுக்குப் பதில் சில கேபி, சிப்புக்குள் என்பதற்குப் பதில் வலை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ட்ரெட்மார்க்ஸ் இதைச் சமாளிக்க, இருவரையும் எழுதவிட்டு மாறிய பைட்களை மட்டும் பிறகு சேர்க்கும் வழியைக் கையாண்டது. அழகான வேலை. ஆனாலும் அதில் வேகம் வேண்டும் என்றவர்கள் எந்தத் தரவு எந்தப் பேஜில் விழுகிறது என்று கணக்குப் பார்க்கவே செய்தார்கள்.

ஹார்டுவேரிலேயே செய்ய முனைந்தவர்களும் உண்டு. கெண்டால் ஸ்கொயர் ரிசர்ச் என்ற நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் விற்ற கேஎஸ்ஆர்-1-இல் எல்லா மெமரியும் கேஷாகவே நடந்துகொண்டது. தரவுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது, தொட்டவரிடம் போய்ச் சேரும். அந்த நிறுவனம் சில ஆண்டுகளிலேயே கடையைக் கட்டிவிட்டது. 1996-இல் எஸ்ஜிஐ கொண்டுவந்த ஆரிஜின் 2000 நன்றாகவே விற்றது. நான் பெங்களூரில் வேலை பார்த்த இடத்தில் ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு பேஜையும் எந்த நோடு எத்தனை முறை தொடுகிறது என்று ஹார்டுவேரே எண்ணும். தொலைவிலிருந்து அதிகம் தொட்டால் பேஜை அங்கே மாற்றிவைக்கும் வசதியும் உண்டு. நாங்கள் அதை அணைத்தே வைத்திருந்தோம். ஓடும் நேரம் நாளுக்கு நாள் வேறுபட்டதுதான் காரணம். வானிலைக் கணக்கு ஓட்டுபவர்களுக்கு வேகத்தைவிட, இன்று ஓடிய நேரத்திலேயே நாளையும் ஓடி முடிவது முக்கியம். அவர்கள் முதலில் தொடும் லூப்பைக் கையால் எழுதினார்கள், நிம்மதியாக இருந்தார்கள்.

இன்றைய லினக்ஸும் 2014-இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து ஓரளவு இதைச் செய்கிறது. பேஜ்களை அவ்வப்போது மறைத்துவைத்து, யார் தேடி வருகிறார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கம் நகர்த்துகிறது. நாள் கணக்கில் ஓடும் டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு நல்லது. இரண்டு நிமிடத்தில் முடியும் கணக்குக்கு, அது புரிந்துகொள்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

மெஷின் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? நடந்து முடிந்ததை வைத்து, நடக்கப்போவதை ஊகிக்கிறது. ப்ரோக்ராமருக்கு நடக்கப்போவது முன்பே தெரியும். தெரிந்தவர் சொல்லிவிட்டால் இரண்டு வரியில் முடியும் விஷயம். ஆனால் சொல்வதற்கான சொற்களை மொழிகள் வெகு தாமதமாகத்தான் கொடுத்தன. ஓபன்எம்பி 1997-இல் வந்தது. த்ரெட்டைக் கோரோடு கட்டும் வழி அதில் 2011-இல்தான் வந்தது, பிளேசஸ் 2013-இல், எந்த வகை மெமரியில் ஒதுக்குவது என்று சொல்லும் வசதி 2018-இல். அதற்கு முன் 1993-இலேயே ஹை பெர்ஃபார்மன்ஸ் ஃபோர்ட்ரானில் அணியை இப்படிப் பிரி என்று எழுத முடிந்தது. அது ஏனோ நிலைக்கவில்லை, எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

எம்பிஐயில் எழுதுபவர் முதல் வாரமே அழுதுவிடுவார், தரவைப் பிரித்தால்தான் ப்ரோக்ராமே ஓடும். ஷேர்டு மெமரியில் முதல் நாளே ஓடிவிடும், அழுகை ஆறு மாதம் கழித்து வரும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஆய்வுக்கூடங்களில் இந்தத் தள்ளிப்போடுதல் ஆபத்து, ஏனென்றால் அழவேண்டிய நேரத்தில் எழுதியவர் இருக்கமாட்டார். ஒரே ஆள் எழுதி ஒரே ஆள் ஓட்டும் ப்ரோக்ராமுக்கு நான் தயங்காமல் ஷேர்டு மெமரியைத்தான் சொல்வேன்.

கேள்வி: எங்கள் சி பிளஸ் பிளஸ் சர்வீஸ் 64 கோர் மெஷினுக்கு மாறியதிலிருந்து மெமரி ஏறிக்கொண்டே போகிறது. லீக், அதாவது வாங்கி விடுவிக்காமல் விட்ட மெமரி, தேடும் டூல் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, லீக் இல்லை. ஒரு த்ரெட் வாங்கும் மெமரியை இன்னொரு த்ரெட் விடுவிக்கிறது, அது தவறா?
(கண்டனூர்க்காரர், கோவை)

பதில்: தவறில்லை, ஆனால் மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் அலோகேட்டருக்குப் பிடிக்காத வழக்கம். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி, த்ரெட்கள் ஒரே பூட்டில் முட்டிக்கொள்ளாமல் இருக்க 'அரீனா' என்ற தனித்தனிக் குவியல்களை வைத்துக்கொள்கிறது. 64 பிட் மெஷினில் கோர் எண்ணிக்கையைப் போல் எட்டு மடங்கு வரை வைக்கும். உங்களுக்கு 512 வரை போகலாம். விடுவிக்கும் துண்டு அது பிறந்த அரீனாவுக்கே திரும்பும். அங்கே காலியாக இருப்பது இன்னோர் அரீனாவில் கேட்பவருக்கு உதவாது. குவியலின் நடுவில் ஒரு சின்னத் துண்டு உயிரோடிருந்தால் சுற்றியுள்ள இடம் சிஸ்டத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும். லீக் டூலுக்கு இது லீக்காகத் தெரியாது.

மாலாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 அல்லது 4 என்று வைத்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் நின்றால் இதுதான் காரணம் என்று உறுதியாகிவிடும். அப்புறம் ஜெமாலாக் அல்லது டிசிமாலாக் என்ற வேறு அலோகேட்டரைப் போட்டு ஒப்பிடுங்கள், நிரலைத் தொடாமலே மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் வாங்கி மற்றவர் விடுவிக்கும் முறையில் மெமரி கட்டுக்கடங்காமல் ஊதுவதை எமரி பெர்கரும் கூட்டாளிகளும் 2000-இல் ஹோர்டு அலோகேட்டர் பற்றிய கட்டுரையிலேயே விளக்கிவிட்டார்கள். பழைய நோய்தான்.

ஷேர்டு பாயிண்டரை (ஒரு பொருளை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும் சுட்டி) த்ரெட்டுக்கு த்ரெட் பிரதி எடுத்து அனுப்புகிறீர்களா என்றும் பாருங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் எண்ணிக்கையை அட்டாமிக்காக, நடுவில் வேறு யாரும் புகாதபடி, கூட்டிக் கழிக்கவேண்டும், அந்த எண்ணிக்கை இருக்கும் கேஷ் லைனுக்கு 64 கோரும் அடித்துக்கொள்ளும். முடிந்த இடத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கும் யூனிக் பாயிண்டராக்கிக் கைமாற்றிவிடுங்கள்.

கேள்வி: பைத்தானில் ஜில் (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை ஓடவிடும் பூட்டு) போய்விட்டதாமே, இனி த்ரெட் போட்டால் வேகமா?
(பொறியியல் மாணவர், புதுவயல்)

பதில்: 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் ஜில் இல்லாத வடிவம் சோதனையாக வந்தது. 3.14-இல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்தது. இன்னும் அது தனி வடிவம்தான், நீங்கள் வழக்கமாக நிறுவுவதில் ஜில் இருக்கிறது. இத்தனை ஆண்டு இழுத்ததற்கு முக்கியக் காரணம் மெமரிதான். பைத்தானில் எல்லாப் பொருளுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு, யாராவது பெயர் வைத்தாலே அது கூடும். கண்டனூர்க்காரருக்குச் சொன்ன அதே அடிதடி, இங்கே ஒவ்வொரு வரியிலும். பொருளை உருவாக்கிய த்ரெட்டுக்குத் தனி எண்ணிக்கை, மற்றவர்களுக்குத் தனி எண்ணிக்கை என்று பிரித்துச் சமாளித்திருக்கிறார்கள். வேகம் வருமா என்பது உங்கள் த்ரெட்கள் எவ்வளவு பொருட்களைப் பொதுவாகத் தொடுகின்றன என்பதைப் பொறுத்தது.

கேள்வி: இதையெல்லாம் லேப்டாப்பில் பழகிப் பார்க்க முடியுமா?
(அதே மாணவர்)

பதில்: ஃபால்ஸ் ஷேரிங், அலோகேட்டர் இரண்டையும் தாராளமாகப் பழகலாம். ஃபர்ஸ்ட் டச் தெரியாது, சாதாரண லேப்டாப்பில் ஒரே நூமா நோடுதான். எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால் எத்தனை நோடு என்று காட்டும். ஃபர்ஸ்ட் டச்சைப் பார்க்க இரண்டு சாக்கெட் சர்வர் வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் திறந்த 838 டெராஃப்ளாப்ஸ் 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரில் வெளிக் கல்லூரி மாணவர்களுக்குக் கணக்கு கிடைக்குமா என்று உங்கள் துறைத்தலைவர் மூலம் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் என்ன ப்ரோக்ராம், எத்தனை கோர், எவ்வளவு மெமரி, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். 'கற்றுக்கொள்வதற்காக' என்று மட்டும் எழுதினால் எடுபடாது.